திரியின் இடது கை

பெரியம்மைக்கான மருந்து சீசாவில் வராத காலம் அது. பசுவுக்கு வரும் லேசான அம்மையை மனிதர் கையில் கீறி வைத்தால், பெரியம்மை அவரை அண்டாது என்று கண்டுபிடித்திருந்தார்கள். கீறிய இடத்தில் ஒரு கொப்புளம் எழும். ஒரு வாரம் போனதும் அதற்குள் தெளிந்த நீர் கட்டும். அம்மைப்பால் என்று அதற்குப் பெயர். அந்தப் பாலைத் தொட்டு அடுத்தவர் கையில் வைத்தால் அவருக்கும் காப்பு. ஆனால் கண்ணாடியில் தடவி அனுப்பினால் வழியிலேயே காய்ந்து வீணாகிவிடும். ஆகவே தூரத்து ஊருக்கு மருந்து போக வேண்டுமென்றால் ஒரு பிள்ளைதான் அதைத் தன் உடம்பில் சுமந்துகொண்டு போக வேண்டும்.

அப்படிச் சுமந்து போனவள் ஒரு மெழுகுவர்த்திக்காரரின் இரண்டாவது மகள். வீட்டில் அவளைத் திரி என்று கூப்பிடுவார்கள். ஆள் நூல் மாதிரி இருப்பாள். சட்டென்று பற்றிக்கொள்ளவும் செய்வாள். அவளுக்கு அடுத்தவன் தம்பி. சின்ன வயதிலிருந்தே கன்னமும் வயிறும் பிதுங்க இருந்ததால் உருண்டை என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அக்கா என்று அவன் திரியைக் கூப்பிட்டால் ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். மற்ற நேரமெல்லாம் அவளும் அவனுக்குத் திரிதான்.

மூத்தவளை மலைக்கு அந்தப் பக்கம் கல்லுடைக்கும் ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவளுக்குப் பிள்ளை பிறந்து பல் முளைக்கும் பருவமாகிவிட்டது. இன்னும் யாரும் போய்ப் பார்க்கவில்லை. மழை முடியட்டும், வேலை குறையட்டும் என்று தள்ளிக்கொண்டே போனதில், ஒருநாள் அந்த ஊரிலிருந்து கல் வண்டிகள் வருவது நின்றுபோனது. அங்கே பெரியம்மை புகுந்துவிட்டது என்ற செய்திதான் வந்து சேர்ந்தது.

அடுத்த நாள் காலை பட்டறைக்கு வைத்தியர் வந்தார். ஆஜானுபாகுவான மனிதர், இரண்டு படி ஏறினாலே மூச்சு வாங்கும். அப்பா சட்டத்தில் தொங்கிய நூல்களை உருகிய மெழுகில் முக்கி எடுத்துக்கொண்டிருந்தார். அம்மா மெழுகு அண்டாவில் மிதந்த தூசியை அரித்துக்கொண்டிருந்தாள். திரி ஒரு மூலையில் உட்கார்ந்து நூலை அளந்து வெட்டிக்கொண்டிருந்தாள்.

கல்லுடைக்கும் ஊருக்கு இரண்டு தடவை கண்ணாடியில் அம்மைப்பால் அனுப்பிப் பார்த்ததாகவும், இரண்டுமே வீணாகிவிட்டதாகவும் வைத்தியர் சொன்னார். இதுவரை அம்மை காணாத ஒரு பிள்ளை வேண்டும். மலையைச் சுற்றிப் போகும் பாதை நீளமானது; குறுக்குப் பாதையில் போனால் கொப்புளம் பழுக்கவும் வண்டி போய்ச் சேரவும் சரியாக இருக்கும். ஊரில் பல வீடுகளில் கேட்டுவிட்டார். யாரும் சம்மதிக்கவில்லை.

அப்பா கையிலிருந்த சட்டத்தைக் கீழே வைக்கவில்லை. ஒரு மகள் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது போதாதா, இன்னொருத்தியையும் அனுப்ப வேண்டுமா என்று கேட்டார். வைத்தியர் தொப்பியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"நான் போறேன்," என்றாள் திரி.

அப்பா அவளை முறைத்தார். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். "யாராவது போய்த்தானே ஆகணும்பா? அக்கா நம்ம அக்கா. வேற வீட்டுப் பிள்ளை ஏன் போகணும்?"

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவளுடன் பிறந்த மூன்று பேரை அம்மை கொண்டுபோயிருந்தது. அதைப்பற்றி அவள் பேசவே மாட்டாள்; அன்றைக்கும் பேசவில்லை. ஒரு கை ஏமாற்றிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று மட்டும் வைத்தியரைக் கேட்டாள். இரண்டு பிள்ளைகள் இருந்தால் நல்லதுதான் என்று அவர் ஒப்புக்கொண்டார்.

"அப்போ ரெண்டு பேரும் போகட்டும்," என்றாள் அம்மா.

கதவுக்குப் பின்னால் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த உருண்டைக்கு, வண்டியில் மலையேறப் போகிறோம் என்பதைத் தவிர வேறெதுவும் காதில் ஏறவில்லை. வைத்தியர் பையிலிருந்து ஊசிக்கத்தியை எடுத்த பிறகுதான் அவன் முகம் சுண்டிப்போனது. இருவருக்கும் இடது கையில், தோளுக்குக் கொஞ்சம் கீழே கீறினார். திரி கண் கொட்டாமல் பார்த்தாள். கத்தியை எப்படிச் சாய்க்கிறார், எவ்வளவு அழுத்துகிறார், ரத்தம் ஏன் பெருகக் கூடாது என்று கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டு அவரைத் திணறடித்தாள்.

வண்டியை ஓட்டியவள் ஒரு நடுவயதுப் பெண். இரண்டு கோவேறு கழுதைகளை வைத்து மலைப்பாதையில் சரக்கு ஏற்றுகிறவள். முகமெல்லாம் அம்மைத் தழும்பு. அம்மை என்கிற விருந்தாளி என்னை ஒருதடவை பார்த்துவிட்டுப் போய்விட்டான், மறுபடி வரமாட்டான் என்று சொல்லிச் சிரித்தாள். மனிதர்களை வா, போ என்பாள். கழுதைகளை மட்டும் வாங்க, போங்க என்பாள். ஏன் என்று உருண்டை கேட்டதற்கு, இழுக்கிறது யார், நீயா அவங்களா என்று திருப்பிக் கேட்டாள்.

முதல் சில நாட்கள் ஒன்றுமே நடக்கவில்லை. கை வெறுமனே அரித்தது. பிறகு சின்னதாகச் சிவந்து, முத்துப்போல் எழும்பியது. தொடக் கூடாது, சொறியக் கூடாது, எதிலும் இடிக்கக் கூடாது என்று வைத்தியர் காலையும் மாலையும் சொல்லிக்கொண்டிருந்தார். திரி வலப்பக்கமே சாய்ந்து உட்கார்ந்தாள், வலப்பக்கமே திரும்பிப் படுத்தாள். கழுத்துப் பிடித்துக்கொண்டது. சுரம் வந்து உடம்பு அனலாய்க் கொதித்தபோதும் இடது கையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, தூங்கும் குழந்தையைப் பார்ப்பது போல அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

உருண்டை அப்படியல்ல. வண்டி ஆடினால் அவனுக்கு உடனே தூக்கம் வந்துவிடும். ஒரு மத்தியானம் அவன் விழித்தபோது சட்டைக் கை ஈரமாக இருந்தது. தூக்கத்தில் வண்டிப் பலகையில் தேய்த்துக் கொப்புளத்தை உடைத்திருந்தான்.

திரி பற்றிக்கொண்டாள். அவனைத் திட்டிய திட்டில் கழுதைகளே காதைத் திருப்பின. வழி முழுக்க ஏதாவது பதில் பேசிக்கொண்டே வந்தவன் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அவனுக்குக் கிடைக்க வேண்டிய காப்பு கிடைத்துவிட்டது, பெரியம்மை அவனைத் தொடாது, ஆனால் பிறருக்குக் கொடுக்க அவனிடம் இனி எதுவும் இல்லை என்றார் வைத்தியர். அதைச் சொல்லும்போது அவர் திரியின் கையைத்தான் பார்த்தார். இனி இருப்பது இந்த ஒரு கைதான்.

மறுநாள் பாலத்தை அடைந்தார்கள். பாலம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கல்தூண்கள் மட்டும் நின்றன. மலையில் பெய்த மழை மற்றதையெல்லாம் அடித்துக்கொண்டு போயிருந்தது. கீழே கிடுகிடு பள்ளம். அதன் அடியில் ஆறு சேறாகப் புரண்டு ஓடியது. எதிர்க்கரை மேட்டில் கல்லுடைக்கும் ஊரின் புகைபோக்கிகள் தெரிந்தன.

சுற்றுப் பாதையில் போனால் நாலைந்து நாள் கூடப் பிடிக்கும் என்றாள் வண்டிக்காரி. வைத்தியர் திரியின் சட்டைக் கையைத் தூக்கிப் பார்த்தார். கொப்புளம் முழுசாகப் பழுத்து, நடுவில் குழிந்து, கண்ணாடிபோல் மின்னியது. நாளைக்குள் எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு பால் கலங்கிச் சீழாகிவிடும், ஒன்றுக்கும் உதவாது.

வண்டிக்காரிதான் கரையோரமாகக் கொஞ்ச தூரம் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து கூப்பிட்டாள். அங்கே பள்ளத்துக்குக் குறுக்கே கை பருமனில் ஒரு வடம் கட்டியிருந்தது. அதில் கப்பி மாட்டி ஒரு மரத்தொட்டி தொங்கியது. கல்லுடைக்கிறவர்கள் கல்லை இந்தப் பக்கம் அனுப்ப வைத்திருந்தது. அந்தக் கரையிலிருந்து ஆட்கள் கயிற்றால் இழுப்பார்கள். இப்போது இழுக்க ஆளுமில்லை. இழுகயிறும் அறுந்து ஆற்றில் கிடந்தது. தொட்டிக்குள் நின்றுகொண்டு தலைக்கு மேலிருக்கும் வடத்தைக் கையால் பிடித்து இழுத்து இழுத்துத்தான் போக வேண்டும்.

வண்டிக்காரி தொட்டியில் கல்லை ஏற்றி, பின்னால் ஒரு கயிறு கட்டி வடத்தில் ஓடவிட்டுப் பார்த்தாள். இரண்டு பிள்ளைகளின் எடைக்கு வடம் அசையாமல் தாங்கியது. அதற்கு மேல் ஒரு பெரியவரின் எடைக்குக் கல்லை அடுக்கியதும் கொக்கி முனகியது. தொட்டியின் பலகை ஒன்று விரிசல் விட்டது. அவள் அவசரமாகக் கல்லை இறக்கினாள்.

"உங்களைப் பத்திரமாக் கூட்டிட்டு வரேன்னு நான் உங்க அம்மாகிட்ட வாக்குக் கொடுத்திருக்கேன்," என்றார் வைத்தியர். "உங்களை இதுல ஏத்தி அனுப்பிட்டு அவங்க முகத்துல நான் முழிக்க முடியாது."

திரிக்குப் பள்ளத்தை எட்டிப் பார்க்கக்கூட முடியவில்லை. ஆனாலும் அவளுக்கு மறுபடி மறுபடி ஒன்றுதான் தோன்றியது. திரும்பிப் போனால் அம்மா என்ன கேட்பாள் என்று அவளுக்குத் தெரியும். அம்மா ஒன்றுமே கேட்க மாட்டாள்.

"கத்தியைக் கொடுங்க," என்றாள். "நீங்க சுத்திக்கிட்டு வாங்க. அதுக்குள்ள நான் என் கையில இருக்கறதை அக்கா பிள்ளைக்கு வச்சிடறேன்."

"உனக்குத் தெரியுமா?"

எப்படி வைப்பது என்று அவள் முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள். கொப்புளத்தின் ஓரத்தில் மெதுவாகக் குத்த வேண்டும், நடுவில் கூடாது. தானாகத் துளிர்க்கும் நீரைத்தான் எடுக்க வேண்டும், பிதுக்கக் கூடாது. கத்தியைப் படுக்கவைத்து மேல்தோலை மட்டும் கீற வேண்டும். வைத்தியர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு வெகுநேரம் ஆற்றைப் பார்த்தார். பிறகு பையைத் திறந்தார்.

வடத்தை இழுக்க இரண்டு கையும் வேண்டுமே, இவள் இடது கையைத் தூக்கினால் கொப்புளம் தேயுமே என்று வண்டிக்காரி கேட்டபோது, உருண்டை ஏற்கெனவே தொட்டியில் ஏறி நின்றுகொண்டிருந்தான்.

"நான் இழுக்கறேன்," என்றான். "நீ உன் கையைப் பார்த்துக்கோக்கா."

காரியம் ஆவதற்காகச் சொன்ன அக்கா அல்ல அது. திரி ஏறி உட்கார்ந்தாள்.

பாதி தூரம் சுலபமாக இருந்தது. வடம் நடுவில் தொய்ந்திருந்ததால் தொட்டி தானே இறங்கிப் போனது. நடுவைத் தாண்டியதும் ஏற்றம். உருண்டை ஒவ்வொரு சாணாக இழுத்தான். கை மாற்றும்போதெல்லாம் தொட்டி பின்னால் வழுக்கி, ஏறினதில் பாதி போய்விட்டது. காற்று வேறு தொட்டியைத் தூளி மாதிரி ஆட்டியது. கொஞ்ச நேரத்தில் அவன் உள்ளங்கை தோல் உரிந்து வடத்தில் சிவப்பாக ஒட்டியது.

இப்படியே போனால் இருட்டுவதற்குள் கரை சேர முடியாது என்று திரிக்குப் புரிந்தது. எழுந்து நிற்க வேண்டும். நின்றாள். இடது கையை வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொண்டு, வலது கையை உயர்த்தி வடத்தை இறுகப் பிடித்தாள்.

"நான் பிடிச்சிருக்கேன். நீ கையை மாத்து."

அவன் மாற்றினான். தொட்டி வழுக்கவில்லை. அவன் இழுத்தான், அவள் பிடித்தாள். அவன் இழுத்தான், அவள் பிடித்தாள். பின்னாலிருந்து வைத்தியர் ஏதோ கத்தியது காற்றில் கரைந்துபோனது. தொட்டி எதிர்க்கரைப் பாறையில் இடித்து நின்றபோது இருவரும் உடனே இறங்கவில்லை. உருண்டை சட்டை ஓரத்தைக் கிழித்து உள்ளங்கைகளில் சுற்றிக்கொண்டான்.

ஊர் வாசலில் வண்டிகளைக் குறுக்கே நிறுத்தித் தடுப்புப் போட்டிருந்தார்கள். மூக்கில் துணி கட்டிய காவல்காரர் ஒருவர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகளைப் பார்த்ததும் எழுந்து, உள்ளே போனால் அம்மை ஓயும்வரை வெளியே விட மாட்டோம், வந்த வழியே போங்கள் என்றார். திரி மருந்து கொண்டுவந்திருப்பதாகச் சொன்னாள். அவர் சிரிக்கக்கூட இல்லை.

"மருந்துன்னு சொல்லிச் சாயத்தண்ணி வித்தவனெல்லாம் வந்துட்டுப் போயாச்சும்மா. உன் மருந்து எங்க?"

அவள் சட்டைக் கையை உயர்த்திக் காட்டினாள். அவர் குனிந்து கொப்புளத்தைப் பார்த்தார். பிறகு ரத்தம் கசிந்த உருண்டையின் உள்ளங்கையைப் பார்த்தார். எப்படி வந்தீர்கள் என்று கேட்டார். கல் தொட்டியில் என்று தெரிந்ததும் ஒரு வண்டியைத் தள்ளி வழிவிட்டார்.

தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. நோய் கண்ட வீடுகளின் கதவில் சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தது. கோடு போட்ட கதவுகளே அதிகம். அக்காவின் வீட்டில் கோடு இல்லை; ஆனால் உள்ளே தாழ்ப்பாள். வாசலில் மூடி வைத்த பாத்திரம் ஒன்று இருந்தது. அக்காவின் கணவரான மாமாவுக்குச் சின்ன வயதிலேயே அம்மை வந்து போயிருந்ததால், நோயாளிகளைத் தூக்கவும் இறந்தவர்களைப் புதைக்கவும் அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். அந்தத் துணியோடு வீட்டுக்குள் நுழையக் கூடாதென்று அவர் பாறைக் கொட்டகையிலேயே தங்கி, சாப்பாட்டை மட்டும் வாசலில் வைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்.

திரி கதவைத் தட்டினாள். பெயரைச் சொன்னாள். பிறகு அக்காவின் குரல் கதவுக்கு மிக அருகிலிருந்து வந்தது.

"ஏண்டி வந்தே? போயிடு. இந்த ஊர்க் காத்துகூட உன் மேல படக் கூடாது. தம்பியையும் கூட்டிக்கிட்டுப் போயிடு."

"எங்களுக்கு ஒண்ணும் ஆகாதுக்கா. கையில காப்பு இருக்கு. அதைத்தான் பிள்ளைக்குக் கொண்டுவந்திருக்கேன்."

"யார் வைக்கிறது? வைத்தியர் எங்க?"

திரி பொய் சொல்லவில்லை. "அவரால பள்ளத்தைத் தாண்ட முடியல. நான்தான் வைக்கப் போறேன்."

உள்ளே குழந்தை சிணுங்கியது. அக்கா அதைத் தட்டிக்கொடுப்பது கேட்டது. தப்பாகிவிட்டால் என்ன செய்வாய் என்று அவள் கேட்டாள். இதற்கு முன் எத்தனை பேருக்கு வைத்திருக்கிறாய் என்றும் கேட்டாள். ஒருவருக்கும் இல்லை என்றாள் திரி. பிறகு கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு, அம்மாதான் எங்களை அனுப்பினாள் என்றாள். ரெண்டு பேரும் போகட்டும் என்று அம்மா சொன்னாள் என்றாள்.

தாழ்ப்பாள் விலகியது.

அக்கா பாதியாக இளைத்திருந்தாள். கட்டிப்பிடித்துக்கொள்ளவோ அழவோ நேரமில்லை. சன்னல் வெளிச்சத்தில் முக்காலியைப் போட்டு, கத்தியை வெந்நீரில் கழுவித் துடைத்தார்கள். உருண்டை திரியின் இடது கையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டான். அவன் உள்ளங்கையில் சுற்றிய துணி ஈரமாக இருந்தது. முதலில் எனக்கு வைத்துப் பார் என்றாள் அக்கா. முதல் துளிதான் நல்ல துளி, அது பிள்ளைக்கு என்று சொல்லிவிட்டாள் திரி.

கொப்புளத்தின் ஓரத்தில் குத்தினாள். சுருக்கென்றது. பனித்துளிபோல் தெளிவாக ஒரு முத்து எழுந்து நின்றது. அதைக் கத்தி நுனியில் எடுத்து, குழந்தையின் கொழுகொழுத்த கையில் வைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு மேல்தோலில் கீறினாள். குழந்தை ஒரு கணம் அவளை ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு, வீடு அதிர அழுதது. அடுத்தது அக்காவுக்கு.

நிமிர்ந்து பார்த்தபோது வாசலில் காவல்காரர் நின்றுகொண்டிருந்தார். தன் மகளைத் தோளில் தூக்கிவந்திருந்தார். அவருக்குப் பின்னால் பக்கத்து வீட்டுக்காரி, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக. திரி மூவருக்கும் வைத்தாள். அதற்குப் பிறகு துளி சிவப்பாக வந்தது. இனி எடுக்கக் கூடாது.

அப்போதுதான் தெருக்கோடியிலிருந்து ஒரு பெண், சின்ன மகளை நடத்திக்கொண்டு மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். தீர்ந்துவிட்டது, ஒரு வாரம் பொறுங்கள், இந்தக் குழந்தைகளின் கையிலிருந்து எடுத்துத் தருகிறோம் என்று திரி சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பெண் வாக்குவாதம் செய்யவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனாள்.

வைத்தியரும் வண்டிக்காரியும் சுற்றுப் பாதையில் வந்து சேர்ந்தபோது குழந்தையின் கையில் கொப்புளம் சிவந்து எழும்பத் தொடங்கியிருந்தது. அவர் மூச்சு வாங்கியபடியே ஒவ்வொரு கையாகப் பார்த்தார். அக்காவுக்கு வைத்தது பிடிக்கவில்லை, கொப்புளமே எழவில்லை. காவல்காரர் மகளுக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் பிடித்திருந்தது. பாராட்டு ஒன்றும் அவர் வாயிலிருந்து வரவில்லை. நாளைக்கு நீயும் என்னோடு வீடு வீடாக வா, யார் யாருக்கு இன்னும் அம்மை வரவில்லை என்று கேட்டு வைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரம் முடிந்ததும் நாலு கைகளிலிருந்து எடுத்து, தெரு முழுக்க வைத்தார்கள். அக்காவுக்கு மறுபடி வைத்தார்கள். இந்தத் தடவை பிடித்தது. அதற்கடுத்த வாரம் ஊர் முழுக்க. ஆனால் தெருக்கோடிப் பெண்ணின் மகளுக்கு அந்த ஒரு வாரத்துக்குள் சுரம் கண்டுவிட்டது. அவள் பிழைக்கவில்லை. மாமாதான் தூக்கிப் போனார். திரி அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் வழக்கம்போலக் கத்தியை வெந்நீரில் போட்டு வைத்தியருக்கு முன்னால் புறப்பட்டு நின்றாள்.

கோடு போட்ட கதவுகள் கூடுவது நின்றது. பிறகு ஒவ்வொன்றாகக் கோட்டை அழித்தார்கள். காவல்காரர் வண்டிகளை இழுத்துத் தடுப்பை அகற்றிய நாளில், ஆற்றுக்குக் கீழே உள்ள ஊரிலும் அம்மை கண்டிருப்பதாகச் செய்தி வந்தது. அங்கே சுமந்துபோக இதுவரை கீறாத பிள்ளை வேண்டும் என்று வைத்தியர் சந்தையில் நின்று கேட்டார். யாரும் முன்வரவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு தெருக்கோடிப் பெண் வந்தாள். வெளியூரில் தாய்வீட்டில் விட்டிருந்த மகனை முந்தின நாள்தான் அழைத்து வந்திருந்தாள். அவன் கையைப் பிடித்துத் திரியிடம் கொடுத்தாள்.

"இவன் ரொம்பப் புரளுவான்," என்றாள். "தூங்கும்போது பார்த்துக்கணும்."

"நான் கூடவே போறேன்," என்றாள் திரி.

கடைசியாக வைத்த ஒரு குழந்தையின் கையிலிருந்து பால் எடுத்து வைத்தியர் கீறி முடித்ததும் அந்தப் பையன் வண்டியில் ஏறினான். உருண்டை முன்னால் போய் வண்டிக்காரியின் பக்கத்தில் உட்கார்ந்து, போகலாங்க என்று கழுதைகளிடம் சொன்னான். திரி பையனின் இடது பக்கம் இடம் விட்டு, பலகைக்கும் அவனுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள்.